மூலையில் நின்ற காற்று

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மாமல்லபுரம் போயிருந்தோம். கடற்கரையில் பலூன் சுடும் கடை. பொழுது போகாமல்தான் துப்பாக்கியைக் கேட்டேன். பத்துக்குப் பத்து. மறுபடியும் பத்துக்குப் பத்து. கடைக்காரி பூவாயி, "போதும்மா, நான் பொழைக்க வாணாமா?" என்று பிடுங்கி வைத்துக்கொண்டாள். இவருக்கு வாயெல்லாம் பல். "என் பொண்டாட்டி கண்ண பாத்தியா நைனா!" என்று சுண்டல் விற்கிறவரிடம்கூடப் பீற்றிக்கொண்டார்.

முப்பத்தேழு வயதில் எனக்கென்று ஒன்று நன்றாக வருகிறது. அடேயப்பா!

செப்டம்பர் 13, சனி

ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் சொந்தமாக ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கிவிட்டேன். ஸ்பிரிங் வைத்தது இல்லை. பி.சி.பி. — குண்டைத் தள்ளுகிற காற்றை முன்கூட்டியே உள்ளே அடைத்து வைக்க வேண்டும். இருநூறு பார் அழுத்தம். கார் டயருக்கே இரண்டரைதான் என்றார் கடைக்காரர். கேட்டதும் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஆனால் தோளில் வைத்துப் பார்த்த பிறகு கீழே வைக்க மனசு வரவில்லை.

இந்த நோட்டுக்கு இடம் அரிசி டின். இவருக்கு எதைக் கண்டாலும் சத்தமாகப் படிக்கிற வியாதி. கடை போர்டு, மளிகைப் பொட்டலம், பஸ் பின்னால் எழுதியது, எதையும் விடமாட்டார். என் நோட்டு கிடைத்தால் விடுவாரா?

செப்டம்பர் 14

கைப் பம்பில் எண்பது அடி அடித்தேன். முள் பாதிகூட ஏறவில்லை. தோள் கழன்றுவிட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

கோவளத்தில் பத்ரி என்பவர் கடலுக்குள் மூழ்கக் கற்றுத் தருகிறார். அவரிடம் இருக்கும் டைவிங் சிலிண்டரிலிருந்து இரண்டே நிமிடத்தில் காற்று ஏற்றிக் கொடுத்தார். கிளம்பும்போது கூப்பிட்டார். "மேடம், இந்த மாதிரி சுத்தமான காத்து மட்டும்தான். ஆக்சிஜனை மட்டும் கிட்டவே கொண்டாராதீங்க. எங்கயாவது ஒரு சொட்டு எண்ணெய் கீதுன்னா வெடிகுண்டுதான்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டு ஹால் மூலையில் ஒன்று நிற்கிறதே! கொரோனாவின்போது மாமனாருக்காக இவர் ஒரு பகல் முழுக்க வரிசையில் நின்று வாங்கி வந்த ஆக்சிஜன் சிலிண்டர். வண்டி வாசலுக்கு வந்தபோது மாமனார் போய் அரை மணி ஆகியிருந்தது. அன்றிலிருந்து திறக்காமல் அப்படியே நிற்கிறது. யார் கேட்டும் கொடுக்கமாட்டார்.

பத்ரி சொன்னதை இவரிடம் சொல்லவில்லை. சொன்னால், சிலிண்டரை வெளியே தள்ளச் சாக்குத் தேடுகிறேன் என்று நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். எதற்கு வம்பு?

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. இவர் தன் ஸ்கூல் வேனைக் கழுவி, மிக்ஸிக்கும் அரிவாள்மணைக்கும் பொட்டு வைத்தார். பிறகு என் ரைஃபிளை எடுத்துக்கொண்டு போய்ச் சிலிண்டர் மேல் சாய்த்து வைத்தார். இரண்டுக்கும் சந்தனம், குங்குமம். உப்புக்காற்றில் துருப்பிடிக்குமாம், சிலிண்டர் திருகிலும் வாயிலும் தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் துடைத்தார். வருஷா வருஷம் செய்வதுதான். "அப்பா காத்து. பத்திரமா இருக்கணும்."

கற்பூரம் காட்டும்போது எனக்குப் பத்ரி சொன்னது ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்து வீட்டு ராஜம் சுண்டல் கொண்டுவந்துவிட்டாள்.

அக்டோபர் 26

மழை. கடல் கொந்தளிப்பு. பத்ரி கடையைச் சாத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டார், டிசம்பரில்தான் வருவாராம். கைப் பம்பும் உள்ளே ஏதோ கிழிந்து புஸ்ஸென்கிறது. நவம்பர் 16 கிளப் போட்டி. பயிற்சிச் சுடுதலில் நான்தான் முதல். இதை விட்டுக்கொடுக்க முடியாது, முடியவே முடியாது.

நவம்பர் 8, சனி

சண்டை. என் வாயில் சனி. "இந்த வருஷம் வாணாம், அடுத்த வருஷம் சுடு" என்று சொல்லிவிட்டார். எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ! மூலையைக் காட்டி, "அங்க நாலு வருஷமா காத்தை அடைச்சு வெச்சு பூஜை பண்றீங்க. செத்தவருக்கும் ஒதவல, இருக்கறவளுக்கும் ஒதவல" என்று கத்திவிட்டேன்.

அவர் சிலிண்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நவம்பர் 11

பேச்சுவார்த்தை இல்லை. சட்டை துவைக்க எடுத்தேன், பையில் புதிதாகக் கடைந்த பித்தளைத் திருகு, இரண்டு முனையிலும் வேறு வேறு அளவில் மரை. லேத் கடை வேலை. வேனுக்காக இருக்கும். கேட்டால் நானே முதலில் பேசினதாக ஆகிவிடாதா? மேசைமேல் வைத்துவிட்டேன்.

நவம்பர் 15, சனி

நாளை போட்டி. நாற்பது குண்டு சுட வேண்டும். இருக்கிற காற்று பத்துக்குக்கூட வராது. அழுதுகொண்டே ரைஃபிளைத் துடைத்தேன். ஒரு வாரத்துக்குப் பிறகு இவர் வாயைத் திறந்தார். "காலைல காத்து நான் ஏத்தித் தரேன். நீ குளிச்சிட்டு ரெடியாவு."

பம்பைச் சரிசெய்துவிட்டார் போலிருக்கிறது. முகத்தில் ஒரு சிரிப்பு. எனக்குத்தான் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. போட்டி பயம்தான், வேறென்ன?

நவம்பர் 16

குளித்துக்கொண்டிருந்தேன். சத்தம்.

டிசம்பர் 7, ஞாயிறு

இன்று இவரை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வரும் வழியெல்லாம், "இது எந்த ஊரு? போர்டுல இன்னா போட்டுக்கீது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். திருப்போரூர். டீ ஸ்டால். மனை விற்பனைக்கு. இரண்டு கண்ணுக்கும் பார்வை திரும்பாது என்று டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டார். வலது கையில் மூன்று விரல் மிச்சம்.

வெடித்த ரைஃபிளையும், அந்தப் பித்தளைத் திருகு மாட்டியிருந்த சிலிண்டரையும் போலீஸ் எடுத்துப் போய்விட்டது. தரையில் வட்டமாகத் துரு. சிலிண்டர் அங்கே இல்லை என்று இவருக்கு எப்படித் தெரிந்ததோ, மூலைப் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

"அப்பாவுக்குத்தான் ஒதவல, உனக்காச்சும் ஒதவட்டும்னு பாத்தேன். ஆக்சிஜன் ஆவாதுன்னு ஒருத்தனும் சொல்லலியே, பிரியா. உனக்குந்தான் இன்னா தெரியும், பாவம்."

"ஆமாங்க" என்றேன்.

பாவி நான். பாவி.

செப்டம்பர் 21-ஆம் தேதிப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. நோட்டை அரிசி டின்னிலும் வைக்கவில்லை. இவர் கட்டில் மேலேயே, கைக்கு எட்டுகிற இடத்தில், திறந்தபடி கிடக்கிறது.