பத்து கியர் லீவருக்குப் பதினோரு பல்சக்கரம்

மெக்கானிக் துரை மெஹரி அவர்களுக்கு,

களைத்துத் தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. என் சைக்கிளைக் கெடுக்க நேற்று பூராவும் எவ்வளவு பாடுபட்டீர்கள்!

இன்று அஸ்மாரா நகரமே தெருவில் நின்று பார்க்கும் சைக்கிள் பந்தயம். அதற்கு முந்தின நாள், உங்கள் அண்ணன் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்த பதினோரு பல்சக்கர அடுக்கை என் பின்சக்கரத்தில் மாட்டியிருக்கிறீர்கள். ஹேண்டில்பாரில் இருக்கும் லீவரோ பத்து கியருக்கானது. அது கேபிளை இழுக்கும் அளவு உங்கள் ஆசைக்காக மாறாது. "திருகை ரெண்டு சுத்து சுத்தினா சரியாயிடும்டி" என்றீர்கள். சுற்றினேன், திருகு கையோடு வந்துவிட்டது. தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தேன். இரண்டு கியர்வரை தேன். அப்புறம் செயின் பந்தியில் இடம் கிடைக்காத விருந்தாளி மாதிரி தாவித் தாவி அலைகிறது.

சட்டியில் ஷிரோ குழம்பு, கூடையில் இன்ஜெரா அப்பம். அண்ணன் காபிக்கு வருவார். நம் ஊர் வழக்கப்படி மூன்றாவது சுற்றுக் காபியும் குடிக்காமல் அவரால் எழுந்திருக்க முடியாதே, அதற்குள் பழைய அடுக்கை அவர் கையாலேயே மாட்டவையுங்கள். காபி நீங்களே போடுங்கள். இரண்டு சுற்று சுற்றினால் சரியாகிவிடும்.

லுவாம்

பி.கு.: உங்கள் சைக்கிளை எடுத்துப் போகிறேன். சீட்டை இறக்கிக்கொண்டேன். அதில் எல்லாமே ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. சொந்த சைக்கிளில் சோதனை செய்ய மட்டும் உங்களுக்குத் தைரியம் வராது போல.

இன்னொன்று: கடைசிக் கோட்டருகே தண்ணீரோடு நில்லுங்கள், உங்களைத்தான் தேடுவேன். ஜெயித்தால் என் கால்களால். தோற்றால் உங்கள் சைக்கிளால்.