காலடிக்கு வெளிச்சம்

பிப்ரவரி 3

இன்றும் இருட்டத் தொடங்கியதும் மனைவி பின்வாசல் கதவைச் சாத்திவிட்டாள். படியில் விழுந்து முறிந்த மணிக்கட்டுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. எலும்பு கூடிவிட்டது, தைரியம்தான் கூடவில்லை. வேலை முடிந்து வந்ததும் தோட்டத்துக்குப் போய், எலுமிச்சை மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தால்தான் அவளுக்கு நாள் முடியும். இப்போது ஜன்னலோடு சரி.

"பகல்ல போறேனே, போதாதா?" என்கிறாள். பகலில் அவள் வீட்டில் இருப்பதே விடுமுறை நாளில்தான்.

பிப்ரவரி 8

தங்கை வந்தாள். இத்தனை வருஷம் மேடை நாடகங்களுக்கு வெளிச்சம் போட்டவள். குழு கலைந்துவிட்டது. இனி வீட்டுத் தோட்டங்களுக்கு விளக்கு அமைக்கப் போகிறாளாம். முதல் வேலை எங்கள் வீடு. இதைப் படம் எடுத்துக் காட்டித்தான் அடுத்த வீட்டைப் பிடிக்க வேண்டும்.

பொழுது சாய்ந்ததும் பின்சுவரில் இருக்கும் பெரிய விளக்கைப் போட்டாள். முன்பு இந்த வீட்டில் இருந்தவர்கள் மாட்டியது. படியில் ஒரு தடவை இறங்கிப் பார்த்தாள்.

"அண்ணா, இங்க வந்து நில்லு. அண்ணி விழுந்தது இருட்டுனால இல்ல. இந்த லைட்டாலதான்."

நின்றேன். முதுகுக்குப் பின்னால் வெளிச்சம். என் நிழலே அடுத்த படியை மூடிக்கொண்டது. விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுவது என்பார்களே — அதேதான்!

பிப்ரவரி 15

காலையிலிருந்து மண்ணைக் கீறி ஒயர் புதைக்கிறாள்.

"மழை பேஞ்சா ஷாக் அடிக்காதா?" என்று மனைவி கேட்டாள்.

"சுவத்துல மாட்டியிருக்கேனே, இந்தப் பெட்டி கரண்டைக் குறைச்சுத்தான் அனுப்பும் அண்ணி. தோட்டத்துக்குன்னே செஞ்ச ஒயர். பயப்படாதீங்க."

மழையைப் பற்றிய பயம் போயிருக்கும். மற்றது?

பிப்ரவரி 17

போட்டாள். தங்கையின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. எலுமிச்சை மரம் கீழிருந்து மேலாக மெல்ல ஒளிர்ந்தது. மதில்மேல் இலைகளின் நிழல் அசைந்தது. எங்கள் தோட்டமா இது?

மனைவி ஜன்னலில் நின்று கைதட்டினாள். "அடேயப்பா, நாடகம் பாக்குற மாதிரி இருக்கே!"

ஆனால் இறங்கவில்லை. தங்கையின் முகம் சுருங்கிவிட்டது. "ரெண்டு நாள் பொறு, பழகிடுவா" என்றேன்.

"இல்லண்ணா. ஜன்னல்ல நிக்கிறவங்களுக்குப் போட்டுட்டேன். நடக்கிறவங்களுக்குப் போடல."

பிப்ரவரி 18

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டாள்! எனக்குப் பொறுக்கவில்லை. "படமாவது எடுத்துக்கிட்டுப் பிடுங்கக் கூடாதா?"

"அண்ணி காலே வைக்காத தோட்டத்தைக் காட்டியா இன்னொரு வீட்டுக்குப் போறது?"

முதல் வேலை. அதுவும் எல்லோரும் மெச்சிய வேலை. கைதட்டு அடங்கும் முன்பே அதைக் கலைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? எனக்கு வராது.

பிப்ரவரி 22

இன்று தங்கை ஒயரைத் தொடவே இல்லை. அந்தி சாயும் நேரத்தில் என் மனைவியின் கையில் டார்ச்சைக் கொடுத்து, கையைக் கோத்துக்கொண்டாள்.

"எங்க பயமா இருக்கோ அங்க நில்லுங்க. அங்க டார்ச்சை அடிங்க."

முதல் படியிலேயே நின்றாள் என்னவள். நான் எழப்போனேன், தங்கை கண்ணாலேயே உட்கார வைத்துவிட்டாள்.

"படியோட விளிம்பு தெரியல" என்றாள் மனைவி. பக்கச் சுவரிலிருந்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் விளிம்பு கோடு போட்டதுபோல் தெரிந்தது. அங்கே ஒரு விளக்கு. அப்புறம் தண்ணீர்த் தொட்டி வளைவு: முழங்கால் உயரத்தில், தொப்பி போட்ட விளக்கு, வெளிச்சம் தரையில் விழ வேண்டும், பல்பு கண்ணில் படக் கூடாது. பல்பைப் பார்த்த கண்ணுக்குப் பக்கத்து இருட்டு இன்னும் இருட்டாகிவிடுமாம். எல்லாம் மஞ்சள் கலந்த, மெல்லிய வெளிச்சம். பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் ஒன்றும் திரும்பக் கூடாது.

"மரத்துக்கு வேணாமா?" என்றேன். ஏக்கம்தான்.

"ஒண்ணே ஒண்ணு. போய்ச் சேர ஒரு இடம் தெரியணும்ல? மிச்சம் இருட்டாவே இருக்கட்டும்ணா. எல்லா இடத்துலயும் கொட்டினா எதையும் பாக்க முடியாது."

மனைவி வளைவுவரை போய்த் திரும்பினாள். வியர்த்திருந்தது. பயந்துகொண்டே எடுத்துவைத்த அந்த அடிகளுக்கு முன்னால் என் வீரமெல்லாம் எம்மாத்திரம்!

பிப்ரவரி 26

புது விளக்குகள் எரிகின்றன. மனைவி தனியாக இரண்டாவது படிவரை போனாள். திரும்பிவிட்டாள்.

மார்ச் 2

பெஞ்சுவரை போய்விட்டாள். தனியாக. தங்கை சமையலறையில் பாத்திரம் கழுவுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தாள். குழாயைத் திறக்கவே இல்லை.

மார்ச் 5

தங்கை படம் எடுத்தாள். பளபளப்பாக ஒன்றுமில்லை: ஒரு பாதை, ஒரு மரம், பெஞ்சில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஒருத்தி. பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் உடனே, "எங்க வீட்டுக்கும் போடுறியாம்மா?" என்றார்.

மார்ச் 19

நல்ல மழை விட்ட சாயங்காலம். திடீரென்று தெருவே இருண்டது — கரண்ட் போய்விட்டது. மனைவி தோட்டத்தில்! டார்ச்சைத் தேடி எடுத்து, மேஜையில் இடித்துக்கொண்டு, பின்வாசலுக்கு ஓடினேன்.

தொட்டி வளைவைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். அவசரமே இல்லை. பதறி அவள் முகத்தில் வெளிச்சத்தை அடித்துவிட்டேன்.

"ஏங்க, கண்ணைக் கூசுது. அணைங்க அதை."

"படி..."

"படி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அணைத்தேன். இருட்டில் செருப்புச் சத்தம் மட்டும் ஏறி வந்தது. என்னைத் தாண்டி உள்ளே போனாள்.

தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. போனில் சொன்னால் அழுவாள். நேரில் வரட்டும்.