முதிரமலைப் பெயர்மரத்தை எரிக்க விடுத்த ஓலை

ஓங்குக வெண்கோடு, வற்றாதிருக்க அதன் ஏழு துறைகளும். வெண்கோட்டு நாட்டரசி நிலமங்கையார் திருவாய்மொழிந்தபடி, முதிரமலைக் கோட்டைக் காவலர் சேந்தன் காரியார் கண்டு தெளிக. உமது கோட்டையும் குடியும் நலமே வாழ்க.

போருக்கு அஞ்சி ஆற்றைக் கடந்து வந்த வடகரைக் குடிகளின் பெயர்களை ஓடக்காரர் தத்தம் காதில் விழுந்தபடி எழுதிவைத்தனர். பிரிந்த குடும்பங்களைச் சேர்த்து வைக்கவே ஓலைநாயகம் அல்லியங்கோதையார் ஊணுறக்கமின்றி உமது கோட்டையில் பெயர்மரம் கட்டினார். உச்சியில் ஒரு பெயர் எழுதிய ஓலை; அதிலிருந்து எண்ணிட்ட கயிறுகள் தொங்கும். அதனோடு எத்தனை எழுத்து வேறுபடுகிறதோ, அத்தனையாம் கயிற்றில் அடுத்த பெயர். அதன் கீழும் அவ்வாறே. தேடுவோர் தம் பெயருக்கும் உச்சிப் பெயருக்கும் உள்ள வேற்றுமையை எண்ணி, அந்தக் கயிற்றையும் அதன் இருபக்கத்துக் கயிறுகளையும் பார்த்து இறங்கினால் போதும். ஓரெழுத்துப் பிசகிய பெயரும், அவர் குடியிருக்கும் ஊரும் அகப்படும். இருபதினாயிரம் ஓலையில் நூறைப் புரட்டுவதற்குள் பிள்ளை கிடைத்த தாயர் பலர்.

இவ்வழியைக் கோதையார் கற்பித்தது பூதங்குன்றன் ஒருவனுக்கே. தம்பி என்று அழைத்து ஒன்பது ஆண்டு தம் கையால் சோறிட்டார். அவன் வடகரை மன்னனிடம் போய் அனைத்தையும் சொல்லிவிட்டான். அம்மன்னன் கொல்லத் தேடும் முந்நூறு குடிகள் நம் நாட்டில் பெயர் மாற்றி வாழ்கின்றனர். பெற்றவள் இட்ட பெயரை முழுதும் உதற மனம் வராமல் ஓரெழுத்தே மாற்றியவர்கள். மரம் அவன் கையில் சிக்கினால் அவர்கள் ஊரோடு அகப்படுவர். செய்தி கேட்ட கோதையார், யாரோ கோள்மூட்டுகிறார்கள் என்று அதைக் கொணர்ந்த நம் ஒற்றனையே கடிந்தார். ஒற்றன் கைப்பற்றிய ஓலையில் பூதங்குன்றனின் கையெழுத்தைக் கண்டபின், நம்ப வைத்துக் கழுத்தறுத்தானே என்று அவையோர் முன் வாய்விட்டு அழுதார்.

பகைப்படை மூன்று நாளில் உம் மலையடிக்கு வரும். ஓலைகளைக் கலைத்தால் பூதங்குன்றன் மீண்டும் கட்டிவிடுவான். ஒற்றையாள் இறங்கும் பாதையில் அவற்றைச் சுமந்து இறக்கவும் இயலாது. எரிக்க வேண்டும் என்று கேட்டவர் கோதையாரே. இன்னும் நாற்பது தாயர் பிள்ளையைத் தேடி உம் வாயிலில் காத்திருப்பதை நாம் நினைவூட்டினோம். தெரியும் என்றார்.

ஆதலால் இவ்வோலை கண்ட பொழுதே மரத்தை ஓரோலையும் எஞ்சாமல் எரிக்க. பகைவர் எரித்தனர் என்று அத்தாயரிடம் பொய் சொல்லற்க. எரிக்கச் சொன்னவள் தானே என்றும், அவர்கள் ஏசுவதைக் கேட்கத் தான் வந்துகொண்டிருப்பதாகவும் சொல்லுமாறு கோதையார் வேண்டினார். தடுத்தும் கேளாமல் இவ்வோலையின் பின்னே புறப்பட்டுவிட்டார்.

இதற்குச் சான்று நம் நண்டு முத்திரை. அவர் வந்ததும் வாயிலைத் திறக்க.