அண்ணன் ரெப்போவிலிருந்து ஒரு அப்டேட்

மார்ச் 3

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது, வந்து பாரேன் என்று அண்ணி கூப்பிட்டார். போய் லினக்ஸுக்கு அப்டேட் கொடுத்தேன். எல்லாம் வழக்கமான சாமான்கள். கடைசியாக ஒன்று மட்டும் அண்ணனின் சொந்த ரெப்போவிலிருந்து, அவன் இணையத்தில் வைத்திருந்த மென்பொருள் கிடங்கிலிருந்து, இறங்கியது. குரல் பேக்கேஜ், புதிய பதிப்பு.

அண்ணன் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதை யார் போட்டது?

மார்ச் 4

வேலையே ஓடவில்லை. அச்சகத்தில் ஒரு பக்கத்தைத் தலைகீழாக வைத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அண்ணிக்குக் கண் தெரியாது. திரையில் உள்ளதைக் கம்ப்யூட்டர் படித்துச் சொல்ல, அதைக் கேட்டுத்தான் தட்டச்சு வேலை பார்க்கிறார். மற்ற குரலெல்லாம் தகர டப்பா மாதிரி இருக்கிறதென்று அண்ணன் தன் குரலையே பதிவு செய்து, எந்த எழுத்தையும் அந்தக் குரலில் படிக்கும் பேக்கேஜாக்கி, ஒரு ரெப்போ திறந்து அதில் வைத்தான். இன்றைக்கும் அவன்தான் அண்ணிக்கு மெயில் படிக்கிறான்.

மார்ச் 5

பேய் பிசாசெல்லாம் அப்டேட் போடாது. போடாதுதானே?

மார்ச் 6

கண்டுபிடித்துவிட்டேன். ரெப்போ இருந்த இணைய முகவரி, புதுப்பிக்க ஆளில்லாமல் காலாவதியாகி, வேறு யார் கைக்கோ போயிருக்கிறது. போனால் என்ன, அனுப்புகிறவரின் டிஜிட்டல் சாவி பொருந்தாத எதையும் லினக்ஸ் உள்ளே விடாதே என்று பார்த்தால் — அந்தச் சோதனையையே அணைத்து வைத்திருக்கிறான் மகராசன்! 'நம்ம வீட்டு ரெப்போதானே, இதுக்கு எதுக்குப் பூட்டு'ன்னு அன்னிக்குச் சிரிச்சான். நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேனே.

இனி அந்த முகவரிக்காரன் எதை அனுப்பினாலும் அண்ணியின் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும். அவன் அண்ணியை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

மார்ச் 7

சொல்லிவிடலாமென்று போனேன். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் ஒன்றுமே இல்லை. மைக் விளக்கு மட்டும் எரிந்தது.

ஸ்பீக்கரில் அண்ணன் குரல். 'சாப்பிட்டியா?'

'ஆச்சுங்க' என்றார் அண்ணி.

சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன். கோழை.

மார்ச் 8

கம்ப்யூட்டரை முழுக்கத் துடைத்துவிட்டு லினக்ஸைப் புதிதாகப் போட்டேன். ரெப்போவைச் சேர்க்கவில்லை. அண்ணன் லேப்டாப்பில் கிடந்த பழைய பேக்கேஜை நேராக ஏற்றினேன். குரல் இருக்கும், பேச்சுவார்த்தை இருக்காது. ஏதோ கோளாறு, சரி பண்ணிட்டேன் என்றேன்.

அண்ணி மைக்கைத் தொட்டுப் பார்த்தார்.

மார்ச் 15

அண்ணியின் கம்ப்யூட்டரில் ரெப்போ முகவரி எழுதிய வரி திரும்ப வந்திருக்கிறது. சோதனை வேண்டாம் என்ற சொல் உட்பட, ஒரு எழுத்துப் பிசகாமல். அண்ணியே தட்டியிருக்கிறார்.

'அண்ணி, அது அண்ணன் இல்ல. யாரோ ஒருத்தன். நீங்க பேசுறதையெல்லாம் ஒட்டுக் கேக்குறான்!'

சிரித்தார். 'அது தெரியாதா எனக்கு? உங்கண்ணன் ஒரு நாளாவது என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டிருக்காரா? மொத நாளே தெரிஞ்சுபோச்சு.'

'தெரிஞ்சுமா?'

'கேக்குறாங்கல்ல.'

ஆத்திரம் தாங்கவில்லை. கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். அப்போது ஸ்பீக்கரில் அண்ணன் குரல் வந்தது.

'பக்கத்துல யாரு?'

அண்ணி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

'யாருமில்லீங்க' என்றார்.