ஒரு கேபியில் அக்கா

மார்ச் 3
அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. பதினெட்டாம் தேதி குரல்வளையையே எடுத்துவிடுவார்களாம். பிறகு பேச்சு கிடையாது. அதனால் மகளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்காக இன்று ஸ்டுடியோவில் கதை சொல்லிப் பதிவு செய்தாள். பன்னிரண்டு ஒலித்தடம், ஒரே சிடி. நடுநடுவே நான் சொன்ன யோசனைகளில் அங்கிருந்த இன்ஜினியர்கள் — ஒருவர்தான் — வாயடைத்துப் போனார்கள்.

மார்ச் 6
பென்டிரைவில் நகலெடுக்கும் பொறுப்பு எனக்கு. கம்ப்யூட்டரில் நான் புலி. விண்டோஸில் பன்னிரண்டும் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் அளவும் ஒரே ஒரு கேபி, அதாவது கிலோபைட். கண் இமைப்பதற்குள் முடிந்தது! பென்டிரைவில் இருப்பதைத் தட்டினால் அக்கா பேசுகிறாள். சிடி மட்டும் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏன்? பழைய டிரைவ்.

மார்ச் 9
அக்கா மகள் சிடியைத் தன் மேக் கம்ப்யூட்டரில் போட்டாள். ஒவ்வொரு தடமும் நாற்பது எம்பியாம், என்னுடையதைப் போல நாற்பதாயிரம் மடங்கு! நாலாவதை மட்டும் இழுத்துப் போடவே ஒரு நிமிஷம்.
"மாமா, ஒரு கேபியில குரல் எப்படி அடங்கும்?"
"உன் மெஷின் ஊதிக் காட்டுதும்மா. மிச்சம் என்கிட்ட இருக்கு, இடத்தை அடைக்காதே."
சிடியைப் பிடுங்கிக்கொண்டேன். அக்கா சிரித்தாள். இருமல் வந்தது. வெகுநேரம் நிற்கவில்லை.

மார்ச் 11
சிடியின் மேல் ஸ்டுடியோக்காரர் கோணல்மாணலாக எழுதியிருந்தார். முப்பது வருஷம் காருக்குப் பெயின்ட் அடித்த கை சும்மா இருக்குமா? தங்க எழுத்தில் அசத்தலாமென்று தின்னரால் துடைத்தேன்.
எழுத்தோடு வெள்ளியும் உரிந்து வந்துவிட்டது. வெறும் கண்ணாடி வட்டம். அதன் வழியே என் விரல்கள் தெரிந்தன.
போகட்டும். பென்டிரைவ் இருக்கிறது.

மார்ச் 17
"எல்லாம் பத்திரமா இருக்காடா? இல்லேன்னா இன்னிக்கே இன்னொரு தடவை பேசிடறேன்."
"இரும்புப் பெட்டியில வச்ச மாதிரி இருக்குக்கா."
போட்டுப் பார்த்திருக்கலாமோ? நகலெடுத்தது நான். எதற்கு?

மார்ச் 18
முடிந்தது.

மார்ச் 29
பென்டிரைவைப் போட்டோம். பேசவில்லை. சிடியைப் போடு என்கிறது. எந்தச் சிடியைப் போடுவேன்?
"அது குரலே இல்ல மாமா. சிடியில எந்த இடத்துல இருக்குன்னு காட்டுற சீட்டு மட்டும்தான்."
அக்காவிடம் யார் சொல்வது? நானே சொன்னேன். அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 20
பேத்தி பிறந்து பத்து நாள். மேக்கில் மிஞ்சிய நாலாவது தடத்தைப் போட்டார்கள். நாலு நிமிஷம். முக்கால்வாசி நான்தான் பேசுகிறேன், மைக்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று. கடைசியில்தான் அக்கா:
"டேய், கொஞ்சம் என்னைப் பேச விடேன்."
அக்கா திரையைக் காட்டி விரலைச் சுழற்றினாள். மறுபடி போட்டார்கள். மறுபடி முதலிலிருந்து நான்.