கப்பலில் வராத மருந்து

ஓட்டமாவடி
ஜூலை, 2022

அன்புத் தம்பி ஸாஜிதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். டோஹாவில் வெயில் கடுமை என்றாய். அல்லாஹ் உன் உடம்பைப் பாதுகாக்கட்டும். நாளை அங்கே வர விமானம் ஏறும் றிப்ஷானிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடுகிறேன். போனில் பேசினால் ஸாதியாவுக்குக் கேட்கும்.

உன் மருமகள் ஸாதியாவுக்குச் சீனி வருத்தம் வந்த நாளிலிருந்து இன்சுலினுக்காக நாங்கள் பயந்ததே இல்லை. பாமசிக்காரர் வீட்டில் மருந்துக்குப் பஞ்சமா என்று நான் பகிடி பண்ணுவேன். இப்போது உன் மச்சானின் மருந்துக் கடையில் அலுமாரித் தட்டுகள் வெறுமையாகக் கிடக்கின்றன. மருந்து இறக்குமதி செய்கிற கொழும்புக் கம்பெனிக்கு அவர் தினமும் போன் எடுத்தார். பேங்கில் டொலர் இல்லை, டொலர் கட்டாமல் வெளிநாட்டில் மருந்து ஏற்ற மாட்டார்கள் என்பதே பதில். இப்போது அந்தப் பதிலும் இல்லை. போனை யாரும் தூக்குவதில்லை.

வீட்டில் இரண்டு போத்தல் இன்சுலின் வைத்திருந்தோம். மின்வெட்டால் பிரிட்ஜில் குளிர் நிற்பதில்லை. ஈர மணல் போட்ட சட்டிக்குள் வைத்து, மணல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மச்சான் கடையைத் திறந்த கையோடு, கல்குடாவிலிருந்து யோகராசா என்ற மீன்பிடிக்காரர் சைக்கிளில் வந்தார். மகள் கம்சாயினியைத் தன் முதுகோடு சாரத்தால் கட்டியிருந்தார். ஸாதியாவின் வயதுதான் இருக்கும். அவளுக்கும் அதே வருத்தம்.

"முதலாளி, ஆஸ்பத்திரியில மருந்து முடிஞ்சிதாம், வெளியால வாங்கட்டாம். காலத்தால இருந்து சத்தி எடுக்கிறாள், குடிச்ச தண்ணியும் வயித்தில நிக்குதில்ல" என்றார். பிள்ளையின் தலை ஒரு பக்கம் தொங்கியது.

மச்சான் கடையிலிருந்து வீட்டுக்குள் வந்து சட்டியில் கை வைத்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். நம்மட புள்ளைக்கு என்ன செய்யப் போறீங்க என்று கத்தினேன். "ஜெமீலா, அந்தப் புள்ளைக்கு மூச்சு இழுக்குது. இரிக்கிறத இல்லெண்டு சொல்ல என்னால ஏலாது" என்றார். ஸாதியாவுக்கு அவசரம் வந்தால் என்று ஒதுக்கி வைத்த பெற்றோலில்தான் ஒரு போத்தலோடு அவர்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்தப் பிள்ளை பிழைக்காவிட்டால் போத்தல் திரும்பி வரும் என்று ஒரு நொடி நினைத்தேன். அஸ்தக்ஃபிருல்லாஹ், அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். அன்றிலிருந்து மச்சானோடு நான் பேசவில்லை. அவர் மீதுள்ள கோபமா, என்னைப் பற்றிய வெட்கமா, எனக்கே தெரியவில்லை.

பிள்ளை பிழைத்துவிட்டாள். திங்கட்கிழமை யோகராசா ஒரு பை நிறையப் பெரிய இறால் கொண்டுவந்தார். சிங்கப்பூருக்குப் போகிற இறாலாம். டீசல் இல்லாமல் கம்பெனி லொறி வருவதில்லையாம். "போறதும் போகுதில்ல, வாறதும் வருகுதில்ல, முதலாளி" என்று சொல்லி மச்சானின் கையைப் பிடித்து அழுதார். ஆக்கினேன். அந்தக் கறியை நான் தொடவில்லை.

மிஞ்சியிருக்கிற போத்தலிலும் அரைவாசி முடிந்துவிட்டது. நேற்று ஸாதியா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டாள். பசியில்லை உம்மா என்றாள். இன்றைக்கும் அப்படித்தான். தம்பி, அவளுக்குப் பசிக்கிறது. சாப்பாட்டைக் குறைத்தால் மருந்தைக் குறைக்கலாம் என்று அவளாகவே கணக்குப் போடுகிறாள். அதைக் கண்டதும்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

டொக்டர் மருந்து எழுதித் தந்த துண்டை இதோடு வைத்திருக்கிறேன். அங்கே எவ்வளவு வாங்க முடியுமோ வாங்கு. ஊருக்கு வருகிற யாராக இருந்தாலும் சரி, ஐஸோடு சுற்றிக் கொடுத்துவிடு. ஒரு நாளும் பிந்தாதே, ராஜா.

ஒவ்வொரு தொழுகையிலும் ஸாதியாவுக்காகக் கேள். கல்குடாவில் கம்சாயினி என்று ஒரு பிள்ளை இருக்கிறாள். அவளுக்காகவும் நீ கேள். என்னால் இன்னும் முடியவில்லை.

அல்லாஹ் உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் ராத்தா,
ஜெமீலா