வானம்பாடிக்குக் கொம்பு முளைத்த மூன்று நாள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் அடம்பிடிக்கிறது. நீ அந்தக் குளிரில் ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாமல் இருந்தால் சரி. இங்கே பெரிய செய்தி, உன் அம்மா மியூசியத்தில் தன் மானத்தைத் தானே வாங்கிக்கொண்டாள். புல்வெளி விலங்குகள் கூடத்துக்குப் புது விளக்கப் பலகைகள் எழுதினேன் அல்லவா, மாட்டும்போது வானம்பாடியின் பலகையை வெளிமானுக்கும் மானுடையதை வானம்பாடிக்கும் மாட்டித் தொலைத்தேன். மூன்று நாள் அந்த மான் முப்பது கிராம் எடையோடு, பறந்துகொண்டே பாடி, நான்கு முட்டை வேறு இட்டுக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் அடங்கும் குருவியோ முறுக்குக் கொம்போடு மணிக்கு எண்பது கிலோமீட்டர் ஓடியது. கண்ணாடி துடைக்கும் அக்கா, "மான் முட்டை போடும்னு இத்தனை நாளா எனக்குத் தெரியாமப் போச்சே" என்று வியந்தாளே தவிரச் சந்தேகப்படவில்லை. நான்காம் நாள் காப்பாளர் கூப்பிட்டார். வேலை போச்சு என்று தூரிகைகளையெல்லாம் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டுதான் அவர் அறைக்குள் போனேன். அவரோ, "அந்தக் கூடத்துல இதுவரைக்கும் யாரும் ஒரு நிமிஷம் நின்னதில்லம்மா, இப்பக் கூட்டமா நின்னு ரெண்டையும் மாத்தி மாத்திப் பாக்கறாங்க, ரெண்டையும் ஒப்பிட்டு ஒரே பலகையா எழுதுங்க, மாட்டறதுக்கு மட்டும் நான் கூட வரேன்" என்றார்.

உட்கார்ந்து எழுதினால் இரண்டுக்கும் நிறையவே ஒத்துப்போகிறது. இரண்டும் மரத்தை நம்பாமல் வெட்டவெளியில் குடித்தனம் நடத்துபவை. ஆண்கள் இருவருமே அலட்டல் பேர்வழிகள், ஒருவர் வானத்தில் ஏறி நின்று பாடுவார், மற்றவர் தலையை நிமிர்த்திக்கொண்டு மாப்பிள்ளை மிடுக்கோடு நடப்பார். குஞ்சும் குட்டியும் தரையில், புல்லுக்குள். வானம்பாடி நேராகக் கூட்டில் இறங்காது, தள்ளி இறங்கி நடந்து போகும். தாய்மானும் குட்டியைப் புல்லில் படுக்கவைத்துவிட்டுத் தூரமாய்ப் போய் மேயும், தன்னால் குட்டி இருக்குமிடம் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதாம். இதைத்தான் கடைசி வரியாக எழுதினேன். நேற்று அப்பா எழுத்துப்பிழை கண்டுபிடிக்கவென்றே வந்தார். ஒன்றும் அகப்படவில்லை. அந்தக் கடைசி வரியிலேயே நின்றுகொண்டிருந்தவர், "அங்க இப்ப மணி என்ன இருக்கும்?" என்று கேட்டார். சொல்லாமல் வேலையை ஒப்புக்கொண்டாய் என்று நீ போன நாளிலிருந்து உன்னோடு பேசாத மனிதர்!

ஞாயிற்றுக்கிழமை காலை அவரே போன் செய்வார். தண்ணீர்க் குழாய் ரிப்பேரைப் பற்றித்தான் பேசுவார், அவசரப்படாமல் கேட்டுக்கொள். நோய்நொடியில்லாமல் நன்றாக இரு கண்ணே.

போனைச் சத்தமாக வைத்துக்கொள்.

என்றும் உன்னையே நினைக்கும்
அம்மா